பதினேழு வயது பாக்ஸ்டர்: நடுவில் இரண்டரை வருடத்தைக் காணோம்

கேள்வி: எனக்கு வயது 46. பொள்ளாச்சியில் தென்னை நார்த் தொழில். மேல்கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது காலேஜ் நாளில் இருந்தே ஆசை. சென்னையில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 2008 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் இருக்கிறது. 2.7 லிட்டர், மேனுவல் கியர், சென்னைப் பதிவு. 43,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. விலை 18.5 லட்சம். இதே வண்டி தில்லியில் நான்கு லட்சம் குறைவாகக் கிடைக்கும் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். நான் ஒதுக்கி வைத்திருப்பது மொத்தம் 22 லட்சம். "உங்க ஆசைதானுங்க, வாங்கிக்குங்க. பொண்ணு படிப்புக்கு வெச்சிருக்கற பணத்துல மட்டும் கை வெச்சுராதீங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வால்பாறை வரை போய்வர வேண்டும், அவ்வளவுதான். சர்வீஸ் பில்களும் படங்களும் அனுப்பியிருக்கிறேன். இந்த வாரமே 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

பதில்: உங்கள் கடிதத்தைவிட அந்த பில்களைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டியே வேண்டாம் என்று சொல்ல இன்னும் காரணம் இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு ரூபாய்கூட உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

பில்களைத் தேதிவாரியாக மேசைமேல் அடுக்கினேன். 2008 முதல் 2014 ஆகஸ்ட் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வருடம் தவறாமல் ஆயில் மாற்றியிருக்கிறார்கள். அந்த 2014 ஆகஸ்ட் பில்லில் நான்கு டயரும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், மீட்டர் 31,200. அதற்கடுத்த பில் 2017 மார்ச், மீட்டர் 31,900. நடுவில் இரண்டரை வருடம், எழுநூறு கிலோமீட்டர், ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அந்த இரண்டரை வருடத்துக்குள்தான் 2015 டிசம்பர் வருகிறது. அடையாற்றுத் தண்ணீர் அன்று எந்தெந்தத் தெருவுக்குள் புகுந்தது, எத்தனை கார் கூரை வரை முழுகியது என்பது உங்களுக்கே தெரியும்.

2017 பில்லை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். பேட்டரி, தரைவிரிப்பு ஒரு செட், இடது ஜன்னல் மோட்டார். தனித்தனியாக எடுத்தால் இதில் ஒன்றுமே இல்லை. இரண்டரை வருடம் நின்ற வண்டிக்கு பேட்டரி போவது சகஜம். ஜன்னல் மோட்டாரும் ஒருநாள் போகும். தரைவிரிப்பை ஏன் மாற்றினார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏழாயிரம் கிலோமீட்டர் கூட வருடத்துக்கு ஓடாத இரண்டு பேர் வண்டியில் விரிப்பு தேய்ந்து போகாது. நனைந்து நாறினால் மாற்றுவார்கள்.

உரிமையாளர் வெளிநாடு போயிருக்கலாம், வண்டி மூடிய ஷெட்டில் பத்திரமாக நின்றிருக்கலாம். அவர்மேல் பழி சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 2015, 2016, 2017 ஆண்டுகளின் இன்சூரன்ஸ் பாலிசி நகலைக் கேளுங்கள். நோ கிளைம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். கிளைம் எடுக்காத வருடங்கள் கூடக் கூட அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். 2015இல் 50 இருந்து 2016இல் பூஜ்யம் என்றால் நடுவில் கிளைம் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். வேறு இரண்டு காரணத்தாலும் அது பூஜ்யமாகலாம்: கைமாறியிருந்தால் புது உரிமையாளருக்கு அந்தப் போனஸ் போகாது, பாலிசியை 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் போய்விடும். அதனால் ஆர்.சி.யில் கைமாறிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாலிசி கிடைக்கவில்லை என்றால் வண்டியிடமே கேட்கலாம். சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி அங்குலம் வரை, இனி வராது என்கிற இடம் வரை இழுங்கள். வெளியே தெரிகிற பெல்ட்டைக் கழுவிவிடுவார்கள். சுருளுக்குள்ளே இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே குறுக்காக ஒரு மங்கல் கோடும் காய்ந்த சேற்று வாசனையும் இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. அப்புறம் இருக்கையை முழுக்க முன்னால் தள்ளி, தண்டவாளத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பாக்ஸ்டருக்கு டிக்கி இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன் டிக்கியின் விரிப்பைத் தூக்கி, மூலைகளில் விரலை விட்டுத் தடவுங்கள். வண்டல் மண் மாவுபோல விரலில் ஒட்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். வெள்ளமே பார்க்காத பாக்ஸ்டரும் உள்ளே நனையும். துணிக் கூரையின் இரு பக்கமும் மழைநீர் வடிய ஓட்டை உண்டு. மரத்தடியில் நிறுத்தினால் இலையும் சருகும் அதை அடைத்துவிடும். நீர் வழிய இடமில்லாமல் இருக்கைக்கு அடியில் போய்த் தேங்கும், அங்கே வயரிங்கும் கனெக்டர்களும் இருக்கின்றன. இரண்டு கனெக்டர்களைக் கழற்றச் சொல்லுங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால், வெள்ளமோ மழையோ, இனி வருடக்கணக்கில் மின்சாரக் கோளாறு ஒன்று மாற்றி ஒன்று வரும். என் பட்டறையில் இப்படி ஒரு வண்டி பதினோரு மாதத்தில் ஆறு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு விளக்கு, வேறு கோளாறு. கடைசியில் அந்த மனிதர் வண்டியை விற்றே விட்டார்.

சரி, வெள்ளம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ஜின்.

இந்த பாக்ஸ்டரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "ஐ.எம்.எஸ். பேரிங்" என்று பயமுறுத்துவார்கள். அது என்ன என்று தெரிந்துகொண்டால் பயம் அளவாக இருக்கும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளுக்கும் நடுவில் ஓர் இடைத்தண்டு உண்டு, இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐ.எம்.எஸ். செயின்கள் அதிலிருந்துதான் ஓடுகின்றன. அந்தத் தண்டின் ஒரு முனை, கிரீஸ் அடைத்து சீல் வைத்த ஒரு பால் பேரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வருடங்கள் போகப் போக என்ஜின் ஆயில் சீலைத் தாண்டிக் கசிந்து உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடுகிறது. அதே சீல், புது ஆயில் தாராளமாக உள்ளே வரவும் விடுவதில்லை. உயவு இல்லாமல் பேரிங் உடைந்தால் செயின் தாளம் தப்பும், வால்வுகள் பிஸ்டனில் மோதும். என்ஜின் அதோடு முடிந்தது. செலவு வண்டி விலையைத் தொடும்.

1996இல் பாக்ஸ்டர் வந்த நாளில் இருந்து 2008 மாடல் வரை இந்த அமைப்புதான். ஆனால் எல்லா வருடமும் ஒரே ஆபத்து கிடையாது. அதிகம் உடைந்தது 2000க்கும் 2005க்கும் இடையில் போட்ட சிறிய, ஒற்றை வரிசை பேரிங். அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டு 2013இல் சமரசமானதும் 2001 முதல் 2005 தொடக்கம் வரை செய்த வண்டிகளுக்குத்தான். உங்கள் 2008 வண்டியில் இருப்பது அளவில் பெரிய, உறுதியான பேரிங், அது உடைவது அபூர்வம். கஷ்டம் வேறு இடத்தில். பழைய பேரிங்கை கிளட்ச் மாற்றும்போதே வெளியே இழுத்துப் புதிது போட்டுவிடலாம். இந்தப் பெரிய பேரிங் என்ஜின் உடலை இரண்டாகப் பிரிக்காமல் வெளியே வராது. எனவே "ஐ.எம்.எஸ். மாற்றியாச்சு சார்" என்று வியாபாரி சொன்னால், என்ஜினைப் பிரித்த பில்லைக் கேளுங்கள். அது இல்லை என்றால் அவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

இந்த பேரிங்குக்கு ஓட்டத்தைவிட நிற்பதுதான் கெடுதல் என்பது என் அனுபவம். நிற்கும் வண்டியில் பழைய ஆயிலில் ஈரம் சேரும், அமிலம் சேரும். அதில் ஊறிக்கொண்டே பேரிங் இருக்கும். அந்த இரண்டரை வருடம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வெள்ளம் பாதிக் காரணம், இது மீதிக் காரணம். "43,000தான் ஓடியிருக்கிறது" என்று அவர்கள் பெருமையாகச் சொல்வதை நான் பெருமையாக எடுத்துக்கொள்வதில்லை. வருடம் எட்டாயிரம் ஓடி, வருடம் ஒரு முறை ஆயில் மாற்றிய 1,20,000 கிலோமீட்டர் பாக்ஸ்டர் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

பேரிங் நிலையை அறிய ஆயில் ஃபில்டரைத் திறக்கச் சொல்லுங்கள். என்ஜினின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் மடிப்பு மடிப்பாகக் காகிதம் இருக்கும். காகிதத்தை வெட்டி, வெள்ளைத் துணிமேல் விரித்து, மடிப்பு மடிப்பாக வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டு போங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, அப்படியென்றால் பேரிங் தேய்கிறது, விலகிவிடுங்கள். ஒட்டாத பளபளப்பு அலுமினியம், அதையும் விசாரிக்காமல் விடக் கூடாது. பழுப்பாகவோ கறுப்பாகவோ பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் செயின் உரசும் கட்டைகள் தேய்ந்த துணுக்கு. பதினேழு வயதில் அது கொஞ்சம் இருப்பது பெரிய விஷயமில்லை. ஒரு மணி நேர வேலை, ஒரு ஃபில்டர் விலை. இதற்கு விற்பவர் தயங்கினால் அதற்குமேல் அங்கே நிற்காதீர்கள்.

இன்னொரு சோதனை இருக்கிறது. பழைய போர்ஷே வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். என்ஜின் கம்ப்யூட்டர், என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்கு வைத்திருக்கிறது. சாதாரண ஸ்கேனரில் வராது, போர்ஷேக்கென்று இருக்கும் ஸ்கேனரை மாட்டினால் வரும். மீட்டர் கிலோமீட்டரை அந்த மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். ஊருக்குள் ஓடிய வண்டி என்றால் 25, 30. நெடுஞ்சாலையும் கலந்து ஓடியிருந்தால் 40, 50.

சில வருடம் முன்பு ஈரோட்டுக்காரர் ஒருவர் வெளிமாநிலத்தில் வாங்கிய பாக்ஸ்டரோடு வந்தார். வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மீட்டரில் 38,000. ஸ்கேனரை மாட்டினேன், 2,900 மணி நேரம். கால்குலேட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். மணிக்கு 13 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாழ்நாள் முழுக்க யாரும் ஓட்டியிருக்க முடியாது. உண்மையில் எழுபதாயிரத்துக்குக் குறையாமல் ஓடியிருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் பேசவில்லை. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்ததை அதற்கப்புறம்தான் இருவரும் குனிந்து பார்த்தோம். 38,000 என்று நம்பி அவர் அதிகமாகக் கொடுத்திருந்த தொகை பெரியது. உங்கள் வண்டிக்கு 43,000 உண்மை என்றால், ஸ்கேனரில் சுமார் 850க்கும் 1,750க்கும் இடையில் ஓர் எண் வர வேண்டும்.

அதே ஸ்கேனரில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேனுவல் வண்டிக்கு அது முக்கியம். நான்கில் இருந்து ஐந்துக்குப் போட வேண்டியவர் அவசரத்தில் மூன்றில் போட்டுவிட்டால், சக்கரங்கள் என்ஜினை எல்லை தாண்டிச் சுழற்றிவிடும். அப்படி எத்தனை முறை, எந்த அளவுக்கு, என்ஜினின் எத்தனையாவது மணி நேரத்தில் சுழன்றது என்று ஆறு படிகளாகப் பதிந்திருக்கும். முதல் இரண்டு படிகளில் எண் இருந்தால் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான்கு, ஐந்து, ஆறில் எண் இருந்து, அது அண்மையில் நடந்ததாகவும் இருந்தால் வேண்டாம். பல நூறு மணி நேரத்துக்கு முன்பு நடந்து, அதற்கப்புறம் நன்றாகவே ஓடியிருந்தால் யோசிக்கலாம்.

சிலிண்டர் சுவரில் கீறல் விழுகிற பிரச்சினை 3.4 லிட்டர் என்ஜினில்தான் அதிகம் பேசப்படுகிறது, உங்கள் 2.7இல் குறைவு. இருந்தாலும் ஸ்பார்க் பிளக் துளை வழியே கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள். எப்படியும் வண்டி லிஃப்டில்தான் இருக்கப் போகிறது.

லிஃப்டில் இருக்கும்போதே மற்றதையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் இருக்கிறதா. கசிவு லேசாக இருந்தால் கிளட்ச் மாற்றும்போது சேர்த்து செய்துகொள்ளலாம். பின் டிக்கியின் விரிப்பு ஈரமாக இருந்தால் கூலன்ட் டேங்க் வெடித்திருக்கிறது. ரேடியேட்டர்கள் முன் பம்பருக்குள் இரு ஓரமும் இருக்கின்றன. அங்கே சருகு சேர்ந்து மட்கி அலுமினியத்தை அரிக்கும், ஏ.சி. கண்டென்சரும் கூடவே போகும். இந்த இடத்தில் உங்களுக்குத் தனியாக ஒன்று. நார் மில் வளாகத்தில் இந்த வண்டியை நிறுத்தவே கூடாது. நார்க்கழிவுத் தூள் அந்த ரேடியேட்டர் இடுக்கில் போய் ஈரத்தோடு சேர்ந்தால் களிம்புபோல ஒட்டிக்கொள்ளும். வீட்டில் மூடிய ஷெட் வேண்டும்.

டயர் விஷயத்தை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் பின் டயரின் பக்கச்சுவர் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், 2314 என்று இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பதினோரு வருட டயர். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் வரி, எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும், வால்பாறை மழையில் அது பிடிக்காது. முன்னால் 205/55 ஆர்17, பின்னால் 235/50 ஆர்17, நான்கும் மாற்ற வேண்டும். பேரத்தில் இதை முதலில் வையுங்கள், மறுக்க முடியாத சாட்சி.

இப்போது பணம். 22 லட்சத்தில் 18.5 போனால் மிச்சம் 3.5. அதில் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், நான்கு டயர் போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். தண்ணீர் பம்பின் உள் சக்கரம் பிளாஸ்டிக், அதை உடையும் முன்பே மாற்றிவிட வேண்டும். இந்த வயதில் முன் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் போயிருக்கும், வேகத்தடை ஏறும்போது கடக் என்று கேட்கும். கிளட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. இதெல்லாம் கோளாறுகூட இல்லை, பதினேழு வயது வண்டிக்குச் செய்ய வேண்டிய வேலை. உங்கள் மனைவி சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். முதல் வருட ரிப்பேருக்குப் பணம் இல்லாமல் வாங்கினால், ஆறாவது மாதம் மகள் படிப்புப் பணத்தின் பக்கம்தான் கை நீளும். அதனால் 22இல் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 7 லட்சம், வண்டி வந்த பிறகும் வங்கியில் இருக்க வேண்டும். எல்லாச் சோதனையிலும் தேறினாலும் 15க்கு மேல் போகாதீர்கள். தேறாத வண்டியை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

ஆர்.சி. நகல் நீங்கள் அனுப்பவில்லை. 2008 பதிவு என்றால் 2023இல் 15 வருடம் முடிந்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்த வேலையும் செலவும் விற்பவருடையது. பதினைந்து வருடம் கடந்த இறக்குமதிக் காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் இருந்து 40,000 ரூபாய். இருபது வருடம் கடந்ததற்கு 2025 ஆகஸ்டில் அதை 80,000 ஆக்கிவிட்டார்கள். உங்களுக்கு 2028இல் அந்த நாள் வரும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில், ஐந்து வருடம் கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான். குறைவாகப் போட்டு பிரீமியத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

தில்லி வண்டியை விட்டுவிடுங்கள். பதினைந்து வருடம் கடந்த பெட்ரோல் வண்டிக்கு அங்கே கட்டுப்பாடு இருப்பதால்தான் விலை இறங்குகிறது. என்.ஓ.சி. வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, மறுபதிவு செய்து, ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி வந்தால் நான்கு லட்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். அதைவிட முக்கியம், நான் மேலே சொன்ன எதையும் நீங்கள் நேரில் நின்று பார்க்க முடியாது.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த என்ஜின் 98 ஆக்டேன் பரிந்துரைக்கப்பட்ட என்ஜின். நம் பங்க்குகளில் 95 ஆக்டேன் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் போடுங்கள். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த 2008 என்ஜினை மனதில் வைத்துச் செய்தது அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க்கில் போட்டு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், வாரம் ஒருமுறையாவது ஆயில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். பொள்ளாச்சியில் இருந்து ஆழியார் போய்த் திரும்பினாலே போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆசை குறையவில்லை என்றால் எனக்கு அது புரியும். ஒரு வாடிக்கையாளரின் பாக்ஸ்டரை, வேலை முடித்து சோதித்துப் பார்க்க, ஒரு விடிகாலை ஆழியாரில் இருந்து நானே மேலே ஓட்டிப் போயிருக்கிறேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. என்ஜின் முதுகுக்குப் பின்னால், இரண்டு அச்சுக்கும் நடுவில் இருப்பதால் வளைவில் மூக்கு கனக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி உங்களைச் சுற்றியே திரும்பும். கூரை திறந்திருந்தது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நிறுத்தி என்ஜினை அணைத்தேன். கீழே அணைத் தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது, பின்னால் சூடான உலோகம் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. 245 குதிரைத்திறன் அந்த மலைக்கு மிக அதிகம், பாதிகூடத் தேவைப்படவில்லை. அந்தக் காலைக்காக ஒருவர் இருபது வருடம் ஆசைப்பட்டார் என்றால் நான் தப்பு சொல்ல மாட்டேன்.

அவசரம் இல்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2009 மாடலில் இருந்து பாக்ஸ்டருக்குப் புது என்ஜின் வந்துவிட்டது. அதில் அந்த இடைத்தண்டே கிடையாது. விலை கூடுதல், 22 லட்சத்துக்குள் அடங்காது என்றே நினைக்கிறேன். ஆனால் மகள் படிப்பு முடிகிற வரை பொறுத்து, இந்தப் பணத்தை அப்படியே வளர விட்டால் அது உங்கள் கைக்கு எட்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்தச் சென்னை வண்டியைச் சோதித்துப் பார்ப்பேன். தேறவில்லை என்றால் நடுவில் வேறு எதையும் வாங்காமல் அந்த 2009க்குக் காத்திருப்பேன்.

இனி செய்ய வேண்டியது. வியாபாரியைக் கூப்பிட்டு, "சோதனை முடிந்த அன்றே முழுப் பணமும் பேசுகிறேன், அட்வான்ஸ் இப்போது இல்லை" என்று சொல்லுங்கள். வேறு ஆள் வரிசையில் நிற்கிறார் என்பார். நிற்கட்டும். 2015 முதல் 2017 வரைக்கான பாலிசி நகலையும் ஆர்.சி. நகலையும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அவை வந்தால் மட்டும் சென்னைக்கு டிக்கெட் போடுங்கள். காலை ஏழு மணிக்குப் போய்விடுங்கள், நீங்கள் வரும்முன் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் நீங்கள் பின்னால் நில்லுங்கள். ஒரு விநாடி லேசான புகை வந்து மறைந்தால் கவலையில்லை, சிலிண்டர்கள் படுக்கையாக இருக்கும் இந்த என்ஜினில் அது வரும். தெருவை மறைக்கிற அளவுக்கு வெள்ளைப் புகை வந்தால் ஆயில் ஆவியைப் பிரிக்கும் செப்பரேட்டர் போயிருக்கிறது, அதை விலையில் கழியுங்கள். அப்புறம் வண்டியை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கோ, போர்ஷே ஸ்கேனர் உள்ள பட்டறைக்கோ எடுத்துப் போங்கள். சோதனைக் கட்டணத்தை நீங்களே கொடுங்கள், விற்பவரைக் கொடுக்க விடாதீர்கள்.

என்ஜின் மணி நேரத்தையும், விரித்த ஃபில்டர் காகிதத்தின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். ஞாயிறாக இருந்தாலும் பரவாயில்லை, அன்றே பார்த்துச் சொல்கிறேன்.